ஒரே தரவு, ஒரே நிரல், நான்கு விடைகள்: சைபை ஆப்டிமைசரை எங்கே சந்தேகிப்பது?

கேள்வியைச் சுருக்கமாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஒரு சாயப் பொருளின் ஒளிர்வு மங்கும் வளைவை இரண்டு எக்ஸ்பொனென்ஷியல்களின் கூட்டாகப் பொருத்துகிறீர்கள். பாராமீட்டர்கள் ஐந்து: இரண்டு வீச்சு, இரண்டு ஆயுள், ஒரு பின்னணி. தரவுக்கும் வளைவுக்கும் உள்ள வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டு மிகக் குறைவாகும் பாராமீட்டர்களைத் தேடச் சொல்லி, பைத்தானின் அறிவியல் கணக்கு லைப்ரரியான சைபையின் மினிமைஸ் என்ற ஆப்டிமைசரிடம் கொடுக்கிறீர்கள். எல்லைகள் கொடுத்திருப்பதால் அது தானாகவே எல்-பிஎஃப்ஜிஎஸ்-பி என்ற, சரிவைப் பார்த்து இறங்கும் முறையை எடுத்துக்கொள்கிறது. மடிக்கணினியில் ஆயுள்கள் 0.6, 3.1 நானோசெகண்ட் என்று வருகின்றன. தொடக்கப் புள்ளியை லேசாக மாற்றினால் 0.9, 3.3. இன்னொரு தடவை 3.1, 0.6. ஆய்வகச் சர்வரில் 1.0, 4.0. எல்லாவற்றிலும் சக்ஸஸ் என்ற இடத்தில் ட்ரூ. லைப்ரரியில் பிழை இருக்கிறதா, எதை நம்புவது என்று கேட்கிறீர்கள்.

லைப்ரரியில் பிழை இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் இந்த நான்கு விடைகளும் ஒரே காரணத்தால் வந்தவையும் அல்ல. "விடை மாறி மாறி வருகிறது" என்பது காய்ச்சல் மாதிரி. அது வெறும் அறிகுறிதான், உள்ளே இருப்பது வேறு வேறு நோயாக இருக்கலாம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்காமல் எப்போது நிறுத்தலாம் என்ற டாலரன்ஸைக் குறைப்பது, முறையை மாற்றுவது என்று திருகிக்கொண்டே இருந்தால் ஒரு வாரம் ஓடிவிடும்.

எளிதானதை முதலில் தள்ளிவிடுவோம். 0.6, 3.1 என்பதும் 3.1, 0.6 என்பதும் ஒரே விடை. எந்த எக்ஸ்பொனென்ஷியலை முதலாவது என்று சொல்வது என்பது கணக்குக்குத் தெரியாது. கூட்டலில் வரிசை மாறினால் என்ன? வந்த பிறகு ஆயுளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்திவிடுங்கள், கூடவே வீச்சையும். நூறு முறை ஓட்டி சராசரி எடுக்கும் திட்டம் இருந்தால் இதை மறக்கவே கூடாது. மறந்தால் இரண்டு ஆயுளும் 1.85 என்று ஒரு சராசரி வந்து நிற்கும்.

அடுத்து சர்வர். இதுதான் எனக்குப் பிடித்தது. 1.0, 4.0 எங்கிருந்து வந்தன என்று உங்கள் நிரலின் மேல்பகுதியைப் பாருங்கள். நீங்களே கொடுத்த தொடக்கப் புள்ளி! ஆப்டிமைசர் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. விடையோடு வரும் சுற்று எண்ணிக்கையை அச்சிட்டுப் பாருங்கள், 0 என்றுதான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

ஏன் நகரவில்லை? சரிவைக் கணக்கிடும் சூத்திரத்தை, அதாவது கிரேடியன்டை, நீங்கள் தரவில்லை. அப்போது எல்-பிஎஃப்ஜிஎஸ்-பிக்காக சைபை செய்வது இதுதான்: ஒவ்வொரு பாராமீட்டரையும் 10⁻⁸ அளவு தள்ளி, சார்பு மதிப்பு, அதாவது அந்த வர்க்கக் கூட்டு, எவ்வளவு மாறியது என்று கழித்து, 10⁻⁸-ஆல் வகுக்கும். 1.0 என்ற ஆயுள் 1.00000001 ஆகும். நீங்களோ கருவியின் கோப்பிலிருந்து நேர அச்சையும் ஃபோட்டான் எண்ணிக்கைகளையும் ஃப்ளோட்32 ஆக, அதாவது ஏறத்தாழ ஏழு இலக்கம் மட்டும் பிடிக்கும் எண் வகையாக, வாசிக்கிறீர்கள். ஃப்ளோட்32-இல் 1-க்கு அடுத்து எழுத முடிகிற எண் ஏறத்தாழ 1.00000012. இடையில் எதுவும் கிடையாது. 1.00000001-ஐ அதற்குள் போட்டால் மறுபடி 1-தான் வரும். தள்ளியதற்கு முன்னும் பின்னும் சார்பு மதிப்பு கடைசி பிட் வரை ஒன்றே. கழித்தால் 0. ஐந்து பாராமீட்டருக்கும் 0. சரிவு பூஜ்யம் என்றால் அடிமட்டத்தில் நிற்கிறோம் என்று அர்த்தம், எனவே வெற்றி. ஆப்டிமைசர் தன் கண்ணுக்குத் தெரிந்ததை நேர்மையாகத்தான் சொல்லியிருக்கிறது.

அதே நிரல் மடிக்கணினியில் மட்டும் எப்படி ஓடியது? நீங்கள் கொடுத்த பதிப்பு விவரத்தில் விடை இருக்கிறது. எண் வரிசைகளைக் கையாளும் லைப்ரரியான நம்பை, சர்வரில் 1.26, மடிக்கணினியில் 2. பழைய நம்பையில் ஒரு ஃப்ளோட்32 வரிசையை ஒரு தனி ஃப்ளோட்64 (ஏறத்தாழ 16 இலக்கம் பிடிக்கும் வகை) எண்ணால் வகுத்தால் வரிசையின் வகையே ஜெயிக்கும், விடை ஃப்ளோட்32. 2024 ஜூனில் வந்த நம்பை 2.0-இல் இந்த விதியை மாற்றிவிட்டார்கள். இப்போது அந்தத் தனி எண் நம்பையின் ஃப்ளோட்64 ஆக இருந்தால் முழுக் கணக்கும் ஃப்ளோட்64-க்கு உயரும். ஆப்டிமைசர் தரும் பாராமீட்டர் வரிசையிலிருந்து ஓர் எண்ணை எடுத்தால் அது நம்பையின் ஃப்ளோட்64-தான். ஆகவே மடிக்கணினி தப்பித்தது. இதில் இன்னொரு கண்ணி உண்டு: அந்த எண்ணை யாராவது பைத்தானின் சாதாரண ஃப்ளோட்டாக மாற்றி எடுத்தால் நம்பை 2-இலும் கணக்கு ஃப்ளோட்32-இலேயே நடக்கும். எனவே பதிப்பை உயர்த்துவதை மருந்தாக நினைக்காதீர்கள். கோப்பை வாசித்த கையோடு எல்லா வரிசைகளையும் ஃப்ளோட்64 ஆக மாற்றிவிடுங்கள். ஒரு வரி வேலை.

இதைக் கண்டுபிடிக்க ஆப்டிமைசரே தேவையில்லை. எந்தச் சிக்கல் வந்தாலும் நான் முதலில் செய்வது, ஆப்டிமைசரைக் கழற்றி வைத்துவிட்டு சார்பை மட்டும் கையால் கூப்பிட்டுப் பார்ப்பது. ஒரே புள்ளியில் இரண்டு முறை கூப்பிட்டால் கடைசி பிட் வரை ஒரே எண் வருகிறதா? வராவிட்டால் உள்ளே ரேண்டம் எண்ணோ, முந்தைய அழைப்பின் மிச்சத்தை வைத்திருக்கும் ஏதோ ஒரு மாறியோ, கொடுத்த வரிசையையே திருத்திவிடும் ஒரு வரியோ இருக்கிறது. பிறகு ஒரு பாராமீட்டரை மிகச் சிறிய படிகளாக, 10⁻⁸, 2 × 10⁻⁸ என்று ஒரு நூறு படி தள்ளி வரைபடம் போடுங்கள். வழவழப்பான கோடு வந்தால் நல்லது. மாடிப்படி மாதிரியோ ரம்பப் பல் மாதிரியோ வந்தால் எந்த ஆப்டிமைசரும் காப்பாற்றாது.

மாடிப்படி என்றதும் ஒன்று. ஒளிர்வுத் தரவில் கருவியின் துடிப்பு வடிவத்தோடு கன்வல்யூஷன் செய்வார்கள், அதாவது துடிப்பின் அகலத்துக்கு ஏற்ப வளைவைப் பரப்பிக் கலப்பார்கள், அந்தத் துடிப்பு நேர அச்சில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதையும் ஒரு பாராமீட்டராக வைப்பார்கள். அந்த நகர்வை முழு எண்ணாக்கி வரிசையைச் சுழற்றி எழுதியிருந்தால், 10⁻⁸ தள்ளும்போது முழு எண் மாறாது. அந்தப் பாராமீட்டரின் சரிவு எப்போதும் 0, கொடுத்த இடத்திலேயே உறைந்து கிடக்கும். இடைக்கணிப்பு செய்து பின்ன அளவில் நகர்த்த வேண்டும். உங்கள் ஐந்து பாராமீட்டரில் இது இல்லை, ஆனால் அடுத்த மாதம் சேர்ப்பீர்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் சார்புக்குள் இன்னொரு எண்முறைத் தீர்வு ஓடுவதும். சைபையின் வகைக்கெழுச் சமன்பாட்டுத் தீர்வியை இயல்புநிலையில் விட்டால் அதன் ஒப்பீட்டு டாலரன்ஸ், அதாவது மதிப்போடு ஒப்பிட்டு அனுமதிக்கும் பிழை, 10⁻³. மூன்று இலக்கத்துக்கு வரும் எண்ணை 10⁻⁸ தள்ளிக் கழிப்பதில் என்ன கிடைக்கும்?

சரி, இனி மடிக்கணினியில் வந்த 0.6, 3.1 எதிராக 0.9, 3.3. இதுதான் உண்மையான கேள்வி.

நீங்கள் பாராமீட்டர்களை ஒப்பிட்டிருக்கிறீர்கள், இரண்டு ஓட்டத்திலும் கடைசிச் சார்பு மதிப்பு என்ன என்று சொல்லவில்லை. அதை வைத்துத்தான் வழி பிரியும். சார்பு மதிப்பை நிலத்தின் உயரமாக நினைத்தால் ஆப்டிமைசர் தேடுவது பள்ளத்தாக்கின் அடிமட்டத்தை. இரண்டு மதிப்பும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் அந்தப் பள்ளத்தாக்கு தட்டையாக இருக்கிறது, தரவால் அந்த இரண்டு விடைகளையும் பிரித்தறிய முடியவில்லை. ஒன்று தெளிவாக அதிகமாக இருந்தால் அந்த ஓட்டம் பாதியில் நின்றுவிட்டது, அல்லது வேறொரு குழியில் விழுந்துவிட்டது. உங்கள் விவரங்களைப் பார்த்தால் பாதியில் நின்றிருக்கவே வாய்ப்பு அதிகம்.

சக்ஸஸ் என்ற சொல் நிறையப் பேரை ஏமாற்றியிருக்கிறது. நிறுத்துவதற்கான விதிகளில் ஒன்று நிறைவேறியது என்பதைத் தாண்டி அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. எல்-பிஎஃப்ஜிஎஸ்-பியில் அப்படி இரண்டு விதிகள். ஒரு சுற்றில் சார்பு மதிப்பு இறங்கிய அளவு, அந்த மதிப்போடு ஒப்பிட்டால் 2.2 × 10⁻⁹-க்குக் கீழே போய்விட்டால் நிறுத்தலாம். அல்லது சரிவின் மிகப் பெரிய கூறு 10⁻⁵-க்குக் கீழே வந்தால் நிறுத்தலாம். எது நிறுத்தியது என்று கூடவே வரும் செய்தியில் எழுதியிருக்கும். யாரும் படிப்பதில்லை.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்ப்போம். உச்சியில் 20,000 எண்ணிக்கை இருக்கும் வளைவுக்கு எடையிடாத வர்க்கக் கூட்டு சில பத்து லட்சங்களில் இருக்கும். 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ளோட்64-இல்கூட அந்த அளவில் அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே 4.7 × 10⁻¹⁰ இடைவெளி. அந்தக் கடைசி இலக்கச் சிதறலை 10⁻⁸-ஆல் வகுத்தால் சரிவில் 0.05 அளவுக்குப் பிழை வரும். கூட்டலில் சேரும் பிழையையும் சேர்த்தால் இன்னும் அதிகம். 10⁻⁵ என்ற விதியை இந்தச் சரிவை வைத்து நம்பகமாகச் சோதிக்கவே முடியாது. ஆக உங்களுடைய ஓட்டங்களை நிறுத்துவது முதல் விதிதான். 40 லட்சத்தில் 2.2 × 10⁻⁹ பங்கு என்றால் 0.009. பள்ளத்தாக்கில் ஆமை வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு சுற்று 0.009-ஐவிடக் குறைவாக இறங்கினால், "போதும், வந்தாயிற்று" என்று உட்கார்ந்துவிடும். எங்கே உட்காரும் என்பது எங்கே தொடங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஆமை வேகத்துக்குக் காரணம் அளவுப் பொருத்தமின்மை. ஒரு பாராமீட்டர் 20,000, இன்னொன்று 0.6. வீச்சில் 1 மாறினால் ஒன்றும் ஆகாது, ஆயுளில் 1 மாறினால் வளைவே வேறு. ஆப்டிமைசருக்கு அலகுகள் தெரியாது. நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது இதைவிட மோசமாகச் செய்திருக்கிறேன். ஆயுளை செகண்டிலேயே எழுதினேன், 2 நானோசெகண்டை 2 × 10⁻⁹ என்று. ஆப்டிமைசர் தள்ளிப் பார்க்கும் 10⁻⁸ அதைவிட ஐந்து மடங்கு பெரியது! சரிவு என்ற பெயரில் அது கணக்கிட்டது எதற்கும் சரிவு அல்ல. இரண்டு நாள் லைப்ரரியைத் திட்டினேன். நீங்கள் நானோசெகண்டில் எழுதியிருப்பதைப் பார்த்து உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

செய்ய வேண்டியது: எண்ணிக்கைகளை உச்ச மதிப்பால் வகுத்து வீச்சுகளை 1-க்கு அருகே கொண்டுவாருங்கள். ஆயுளுக்குப் பதிலாக அதன் லாகரிதத்தைப் பாராமீட்டராக வையுங்கள். நேர்மறை என்ற நிபந்தனை தானாக வந்துவிடும், எல்லையும் வேண்டாம். சரிவுச் சூத்திரத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். எக்ஸ்பொனென்ஷியலுக்கு அது பள்ளிக்கூடக் கணக்கு. எழுதியதைச் சரிபார்க்க சைபையிலேயே செக்-கிராட் இருக்கிறது. எழுதச் சோம்பலாக இருந்தால், புள்ளியின் இரண்டு பக்கமும் தள்ளிப் பார்க்கும் இருபக்க வித்தியாசத்தைக் கேளுங்கள், நேரம் இரட்டிப்பாகும், துல்லியம் நன்றாகக் கூடும்.

இதெல்லாம் மினிமைஸையே பயன்படுத்துவேன் என்றால். என் கருத்தில் இந்த வேலைக்கு மினிமைஸ் சரியான கருவியே அல்ல. ஆயிரம் புள்ளிகளின் வித்தியாசங்களையும் வர்க்கித்துக் கூட்டி ஒற்றை எண்ணாக்கிக் கொடுத்தால், எந்தப் புள்ளி எந்தப் பக்கம் இழுக்கிறது என்ற தகவல் முழுவதும் போய்விடுகிறது. சைபையின் லீஸ்ட்-ஸ்கொயர்ஸ், கூட்டாத வித்தியாச வரிசையை அப்படியே வாங்கிக்கொள்ளும். பள்ளத்தாக்கின் வளைவை அந்த வரிசையிலிருந்தே ஊகிக்கும். பாராமீட்டர் அளவுகளைச் சமன்செய்ய அதில் எக்ஸ்-ஸ்கேல் என்ற தேர்வு உண்டு, ஜாக் என்று கொடுங்கள். ஒவ்வொரு வித்தியாசத்தையும் அதன் எதிர்பார்க்கும் சிதறலால் வகுத்துக் கொடுப்பதும் அவசியம், ஃபோட்டான் எண்ணிக்கையில் அது எண்ணிக்கையின் வர்க்கமூலம். வால் பகுதியில் ஒற்றை இலக்க எண்ணிக்கைகள் இருந்தால் இந்த எடை முறை பின்னணியைக் கீழே இழுக்கும், அங்கே வர்க்கக் கூட்டுக்குப் பதிலாக, எண்ணிக்கைகளுக்கே உரிய நிகழ்தகவு அளவான பாய்சான் லைக்லிஹுட் சரி. ஆனால் அது தனிக் கதை.

இன்னும் ஒரு படி போகலாம். உங்கள் ஐந்து பாராமீட்டரில் மூன்று, அதாவது இரு வீச்சும் பின்னணியும், நேரியலாக வருகின்றன. ஆயுள்கள் இரண்டையும் பிடித்து வைத்துவிட்டால் மற்ற மூன்றும் ஒரே அடியில், தொடக்கப் புள்ளியே இல்லாமல், சாதாரண நேரியல் தீர்வாகக் கிடைத்துவிடும். கணிதவியலாளர்கள் கோலப்பும் பெரெய்ராவும் 1973-இல் இந்த யோசனையை முறைப்படுத்தினார்கள். மிச்சம் தேட வேண்டியது இரண்டே எண். இரண்டு எண் என்றால் தேடக்கூட வேண்டாம், வரைந்தே பார்க்கலாம். முதல் ஆயுள் 0.1 முதல் 2 வரை, இரண்டாவது 2 முதல் 6 வரை, ஒரு கட்டமிட்டு ஒவ்வொரு கட்டத்திலும் நேரியல் தீர்வு கண்டு, மிஞ்சிய வர்க்கக் கூட்டைக் கான்டூர் படமாக, அதாவது சம மதிப்புள்ள இடங்களை இணைக்கும் கோடுகளாக, போடுங்கள். பத்தாயிரம் கட்டமானாலும் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

அந்தப் படத்தில் வட்டமான குழி தெரியாது. வற்றிய ஆற்றின் மணல்படுகை மாதிரி நீளமாக ஒன்று தெரியும்: குறுக்கே நடந்தால் சட்டென்று கரை ஏறும், நீளவாக்கில் நடந்தால் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்றே தெரியாது. 0.6, 3.1-உம் 0.9, 3.3-உம் அந்தப் படுகையில் எங்கே இருக்கின்றன என்று குறியுங்கள். எடையிட்ட கூட்டு, அதாவது கை-ஸ்கொயர், கான்டூரில் குறைந்தபட்சத்தைவிட 1 உயரும் கோட்டை வரைந்தால், அந்தக் கோடு ஓர் ஆயுளின் அச்சில் எவ்வளவு தூரம் பரவுகிறதோ அதுதான் அந்த ஆயுளின் ஒரு சிக்மா நிச்சயமின்மை. இரண்டு விடைகளும் அந்தக் கோட்டுக்குள் இருந்தால் முரண்பாடு எதுவும் இல்லை. 0.9 கோட்டுக்கு வெகு தூரத்தில் இருந்தால் அந்த ஓட்டம் பாதியில் நின்றதுதான்.

எக்ஸ்பொனென்ஷியல் கூட்டுகளின் இந்தக் குணம் புதிதல்ல. கணிதவியலாளர் கொர்னேலியஸ் லான்சோஸ் 1956-இல் 24 புள்ளிகள் கொண்ட ஒரு தரவை எடுத்தார். அது மூன்று எக்ஸ்பொனென்ஷியல்களால் ஆனது, சிதைவு வீதங்கள் 1, 3, 5. அதை வெறும் இரண்டு எக்ஸ்பொனென்ஷியல்களாலேயே இரண்டு தசம இடத் துல்லியத்துக்குள் பொருத்திக் காட்டினார். அமெரிக்காவின் நிஸ்ட் தர நிறுவனம் பொருத்தும் மென்பொருள்களைச் சோதிக்க வைத்திருக்கும் 27 தரவுத் தொகுப்புகளில் இதுவும் உண்டு, மூன்று வடிவங்களில். தரவை 14 இலக்கத்தோடு கொடுத்தால் முதல் வீச்சு 0.0951 என்று வருகிறது. அதே தரவை 5 இலக்கத்துக்குச் சுருக்கினால் சரியான விடையே 0.0868 ஆகிவிடுகிறது. ஐந்தாவது இலக்கத்தை முழுமையாக்கியதற்கு ஒன்பது சதவீதம் தள்ளாட்டம்! ஆப்டிமைசரின் தவறு இதில் துளியும் இல்லை. உங்கள் முழு நிரலையும் ஒருமுறை இந்தத் தொகுப்புகளில் ஓட்டிப் பாருங்கள். நிஸ்ட் தரும் 11 இலக்க விடைகளில் முதல் ஆறு கிடைத்தாலும் உங்கள் நிரல் நல்ல நிரல்.

வேறு குழிகள் இருக்குமோ என்ற சந்தேகம் படத்தைப் பார்த்த பிறகும் மிஞ்சினால், 50 தொடக்கப் புள்ளிகளை லாகரித அளவில் சிதறவிட்டு, ஒவ்வொரு முறையும் அதே புள்ளிகள் வரும்படி ரேண்டம் சீடை நிலைநிறுத்தி, எல்லாவற்றையும் ஓட்டி, கடைசிச் சார்பு மதிப்புகளை ஏறுவரிசையில் வையுங்கள். முதல் முப்பது மதிப்பு ஆறேழு இலக்கம் ஒத்துப்போனால் நிம்மதி. நேராக, எல்லைகளுக்குள் எங்கும் சிதறித் தேடும் டிஃபரன்ஷியல் எவல்யூஷன் முறைக்குப் போகச் சொல்லி யாராவது சொல்வார்கள். போகலாம், ஆனால் சைபையில் அது கடைசியில் மெருகேற்ற, இயல்புநிலையில் எல்-பிஎஃப்ஜிஎஸ்-பியைத்தான் கூப்பிடுகிறது. ஃப்ளோட்32 சிக்கலும் அளவுச் சிக்கலும் அங்கேயும் காத்திருக்கும்.

இத்தனையும் சரிசெய்த பிறகும் சர்வரும் மடிக்கணினியும் கடைசி இலக்கங்களில் ஒத்துப்போகாது. போகட்டும், விட்டுவிடுங்கள். கணினியில் 0.1, 0.2, 0.3 மூன்றையும் இடமிருந்து கூட்டினால் 0.6000000000000001, வலமிருந்து கூட்டினால் 0.6. சிப்புக்கு ஏற்ப, இணையாக ஓடும் த்ரெட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப, உள்ளே இருக்கும் அணிக் கணக்கு லைப்ரரி ஓப்பன்பிளாஸா எம்கேஎல்லா என்பதற்கு ஏற்ப கூட்டும் வரிசை மாறும். குழியின் அடிமட்டம் தட்டையாக இருப்பதால், சார்பு மதிப்பை மட்டும் ஒப்பிட்டுத் தேடினால் அதில் 16 இலக்கம் சரியாக இருந்தாலும் பாராமீட்டரில் எட்டு இலக்கத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அதனால் சோதனை நிரலில் "சமம்" என்று ஒப்பிடாமல், நிச்சயமின்மையில் நூறில் ஒரு பங்கு வரை வித்தியாசம் இருக்கலாம் என்று எழுதுங்கள். ஒரே இயந்திரத்தில் ஓட்டத்துக்கு ஓட்டம் கடைசி இலக்கம் ஆடுவது தொந்தரவாக இருந்தால் த்ரெட் எண்ணிக்கையை 1 ஆக்கிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

முதலில் ஃப்ளோட்64 மாற்றத்தை மட்டும் செய்து சர்வரில் ஓட்டுங்கள், 1.0, 4.0 காணாமல் போகிறதா என்று பார்க்கலாம். பிறகு அந்தக் கான்டூர் படத்தையும், இரண்டு ஓட்டங்களின் கடைசிச் சார்பு மதிப்பையும் நிறுத்தச் செய்தியையும் அனுப்புங்கள். 0.9 எந்தப் பக்கம் விழுகிறது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.